கருப்பு வெள்ளைத் திகில் குறும்படம்: இருட்டு ஏன் சாம்பலாகிறது?

மாலைக்காட்சி எழுதியது:

வணக்கம். 12 நிமிடத்தில் ஒரு கருப்பு வெள்ளைத் திகில் குறும்படம் திட்டமிட்டிருக்கிறோம். இரண்டே பாத்திரங்கள், ஒரு பழைய வீடு, இரவுக் காட்சிகள் மட்டும். முன்மாதிரியாக வைத்திருப்பவை 1940களில் ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவுக்காக வால் லூட்டன் தயாரித்த சின்ன பட்ஜெட் திகில் படங்களும், ட்வைலைட் ஸோன் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முதல் இரண்டு சீசன்களும். கையில் ஒரு மிரர்லெஸ் கேமரா, சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) மாட்டிய எல்இடி பேனல் இரண்டு, கையடக்க ரெக்கார்டர் ஒன்று.

கலரில் எடுத்து எடிட்டிங்கில் கலரை நீக்கினால் அந்தப் படங்களின் கனத்த கறுப்பு வருவதில்லை, எல்லாம் ஒரே சாம்பல். வெளிச்சத்தைக் குறைத்தால் நாய்ஸ், அதாவது படத்தில் பொடிப்புள்ளிகள், ஏறுகிறது. சுவரில் விழும் நிழலின் விளிம்பு மூன்று நான்காகப் பிரிகிறது. ரத்தத்துக்குக் குங்குமம் கரைத்துப் பூசினால் தோலோடு தோலாகிவிடுகிறது. பேயைக் காட்டலாமா கூடாதா என்பதிலும் குழுவுக்குள் முடிவு இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கட்டர்ஸ்டாண்ட் எழுதியது:

முதலில் சாஃப்ட்பாக்ஸைக் கழற்றி வையுங்கள். லூட்டன் தயாரித்த கேட் பீப்பிள் (1942) படத்துக்கு ஒளிப்பதிவு செய்த நிக்கோலஸ் முசுராக்காவின் பிரேம்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். விளக்கு விழும் இடம் நன்றாகவே பிரகாசமாக இருக்கும். அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் கறுப்பு அவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது. பிரேமில் எங்குமே வெள்ளை இல்லையென்றால் கண் அதை இருட்டாக எடுத்துக்கொள்ளாது, மங்கலாகத்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் மொத்த வெளிச்சத்தையும் குறைக்கிறீர்கள். சாம்பலும் நாய்ஸும் வருவது அதனால்தான்.

முகத்தின் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு கடினமான விளக்கு வையுங்கள். மறுபக்கம் அதைவிட மூன்று ஸ்டாப் கீழே (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி), அதாவது எட்டில் ஒரு பங்கு வெளிச்சம். பின்சுவர் நான்கு ஸ்டாப் கீழே போகலாம். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் அளவை, அதன் அடிப்படை அளவிலிருந்து ஏற்ற வேண்டாம். வெளிச்சம் போதவில்லையென்றால் விளக்கை அருகே கொண்டுபோங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும், விளக்கு முகத்தை நெருங்க நெருங்கப் பின்சுவருக்குப் போய்ச் சேரும் பங்கும் தானாகக் குறையும். ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், வேறு அளவு வைத்தால் வீட்டு டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் திரையில் பட்டை பட்டையாக ஓடக்கூடும்.

பழைய வீடு என்கிறீர்கள். சுண்ணாம்படித்த சுவராக இருந்தால் அதுதான் உங்கள் பெரிய எதிரி. ஒளியை நான்கு பக்கமும் திருப்பி அடித்து நிழலுக்குள் வெளிச்சத்தை ஊற்றும். நிழல் விழ வேண்டிய பக்கத்தில், பிரேமுக்கு வெளியே, கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். நடிகரைப் பின்சுவரிலிருந்து குறைந்தது 6 அடி முன்னால் நிறுத்துங்கள். சுவருக்குப் போகும் ஒளியைக் கட்டர் (ஒளியை மறைக்கும் கறுப்புத் தடுப்பு) வைத்து வெட்டுங்கள். கட்டர் இல்லையா, கறுப்பு சார்ட் அட்டையும் ஒரு ஸ்டாண்டும் கிளிப்பும் போதும். அட்டையை விளக்கின் மீதே ஒட்டினால் வெட்டு விளிம்பு மெத்தென்று இருக்கும். விளக்கிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வைத்தால் விளிம்பு கூர்மையாகும்.

நிழல் பிரிவதற்குக் காரணம் பேனல். நூற்றுக்கணக்கான சின்ன பல்புகள் ஒவ்வொன்றும் தனி நிழல் போடுகின்றன. ஒற்றைச் சில்லு கொண்ட சிஓபி எல்இடி ஒன்றை வாடகைக்கு எடுத்து, ரிஃப்ளெக்டரையும் கழற்றிவிட்டு அடித்துப் பாருங்கள். அதுவும் முடியாத இடத்தில் செல்போன் டார்ச் நல்ல புள்ளி விளக்கு. பொருள் விளக்குக்கு அருகில் இருந்தால் நிழல் பெரிதாகி விளிம்பு கரையும், சுவருக்கு அருகில் இருந்தால் சிறிதாகிக் கூர்மையாகும். கேட் பீப்பிளின் நீச்சல் குளக் காட்சியில் சுவரில் ஓடும் உருவமற்ற நிழல் முதல் வகை. அது என்னவென்று தெரியாமல் இருப்பதில்தான் பயமே இருக்கிறது. அதே காட்சியில் தண்ணீரின் அசைவு கூரையில் நெளிவதையும் கவனியுங்கள். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அடியில் சில கண்ணாடித் துண்டுகளைப் போட்டு, டார்ச்சைச் சரிவாக அடித்தால் அதை ஒரு அறைக்குள்ளேயே செய்யலாம்.

குங்குமம் மறைவதற்கும் காரணம் உண்டு. மனிதத் தோல் சிவப்பு ஒளியை அதிகம் திருப்பி அனுப்பும், குங்குமமும் அப்படித்தான். கலரை நீக்கும்போது சிவப்புச் சேனலின் பங்கு கூடினால் இரண்டும் ஒரே சாம்பலாகும். கருப்பு வெள்ளையில் ரத்தம் சிவப்பாக இருக்கத் தேவையே இல்லை. சைக்கோவிலும் (1960) நைட் ஆஃப் த லிவிங் டெட்டிலும் (1968) ஊற்றியது சாக்லேட் சிரப். மூன்று பங்கு சிரப்புக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் வழியும், தண்ணீர் இல்லாமல் தடவினால் உறைந்தது போல நிற்கும். டேக் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், எறும்பு வந்துவிடும்.

எடிட்டிங் மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலத்தின் பங்கை மாற்றும் சேனல் மிக்ஸரில் பச்சையை முதன்மையாக வைத்துத் தொடங்குங்கள். நீலத்தைக் கூட்டினால் தோல் கருத்துத் தழும்புகள் எடுப்பாகும், ஆனால் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் நீலச் சேனலில்தான் நாய்ஸ் அதிகம்.


ஒலிப்பேழை எழுதியது:

லைட்டிங் பத்தி நண்பர் எல்லாமே சொல்லிட்டார். சவுண்டுக்கு அதே அளவு நேரம் ஒதுக்குங்க, ப்ளீஸ். குறும்படங்கள்ல கடைசி ரெண்டு நாள்ல பண்ற வேலையா ஆகிடுது. இந்த வகைப் படத்துக்கு அது ஒத்து வராது.

கேட் பீப்பிள்ல பூங்கா ஓரத்துச் சாலையில அந்தப் பொண்ணு நடந்து வர்ற காட்சியை வெறும் காதால மட்டும் கேளுங்க. பின்னணி இசையே கிடையாது. ரெண்டு ஜோடி ஹீல்ஸ் சத்தம். அப்புறம் பின்னாடி வர்ற சத்தம் நின்னுடும். அதுதான் முக்கியமான இடம்: பயம் ஒரு சத்தம் வந்ததால வரல, இருந்த சத்தம் போனதால வருது. அவ வேகமா நடக்கிறா, ஓடுறா, நிக்கிறா. திடீர்னு சீறல். பார்த்தா பஸ் வந்து நிக்குது, ஏர் பிரேக் சத்தம். எடிட்டர் மார்க் ராப்சன். இந்த உத்திக்கு 'லூட்டன் பஸ்'னே பேர் நின்னுடுச்சு.

செய்யற முறை இதுதான். ஒவ்வொரு இடத்துலயும் ஆள் எல்லாரும் சும்மா நிக்க, ஒரு நிமிஷம் அறைச் சத்தத்தை மட்டும் ரெக்கார்ட் பண்ணுங்க. ஃபேன், ஃப்ரிட்ஜ் ரெண்டையும் அணைச்சிடுங்க. திகில் காட்சிக்கு முன்னாடி சுவர்க்கோழி, தூரத்து வண்டி, கடிகாரம்னு மூணு நாலு லேயர் போட்டு, 8 முதல் 10 விநாடிக்குள்ள ஒண்ணொண்ணா இறக்குங்க. சட்டுனு வெட்டினா ஆடியன்ஸ் உஷாராயிடுவாங்க. முழு பூஜ்யத்துக்கும் போகாதீங்க, ஆடியோ போயிடுச்சுன்னு வால்யூமைத் தட்டுவாங்க. அறைச் சத்தம் மட்டும் மெலிசா நிக்கணும். அப்புறம் வர்ற அதிர்ச்சிச் சத்தம் வசனத்தோட அளவைவிட 10, 12 டெசிபல் மேல இருந்தா போதும். அதுக்கு மேல போனா கிழியும். படம் மாறறதுக்கு ஒண்ணு ரெண்டு பிரேம் முன்னாடியே சத்தம் ஆரம்பிச்சா தூக்கிப் போடும். அந்தச் சத்தத்துக்குக் கதைக்குள்ளயே ஒரு காரணம் இருக்கணும். பஸ், கதவு, பிரஷர் குக்கர், எதுவானாலும் சரி. காரணமில்லாத 'டங்'னு ஒரு மியூசிக்கை ரெண்டாவது தடவை போட்டா யாரும் பயப்பட மாட்டாங்க.

காலடிச் சத்தத்தைக் கேமரா மைக்கை நம்பி எடுக்காதீங்க. தோல் செருப்பு, சிமென்ட் தரை, மைக் ஒரு அடி தூரத்துல, தனியா எடுத்துச் சேருங்க.

இதையே இன்னொரு விதமா பண்ணின படம் கார்னிவல் ஆஃப் சோல்ஸ் (1962). கதாநாயகி யார் கண்ணுக்கும் தெரியாமப் போற காட்சிகள்ல ஊர்ச் சத்தமே காணாமப் போயிடும். பூங்காவுல பறவைச் சத்தம் கேட்டதும்தான் உலகம் திரும்பி வரும். பைசா செலவில்லாத உத்தி. இசையும் ஜீன் மூர் வாசிச்ச ஆர்கன்தான். உங்களுக்கும் ஒரே ஒரு வாத்தியம் போதும்.

செல்போன் ஸ்பீக்கர்ல அடித்தொண்டை உறுமல் எல்லாம் கேட்கவே கேட்காது. தாழ்ந்த அதிர்வை நம்பி ஒரு காட்சியை வைக்கிறதா இருந்தா, அதோட ஒரு மரக் கிறீச்சலையும் மேல சேர்த்துடுங்க.


பழையரீல் எழுதியது:

கேள்வியில் சொல்லாத ஒன்றைச் சரிபாருங்கள்: முன்மாதிரிப் படங்களை எந்தப் பிரதியில் பார்க்கிறீர்கள்? நைட் ஆஃப் த லிவிங் டெட்டின் தலைப்பை வினியோகஸ்தர் மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் படம் பொதுவுடைமையானது. அதனால் பிரதிக்குப் பிரதி எடுத்த மோசமான பதிப்புகள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றில் இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் எல்லாம் செத்துப்போய் கறுப்பும் வெள்ளையும் மட்டும் நிற்கும். அதைப் பார்த்து 'இதுதான் அந்தக் காலத் தோற்றம்' என்று கான்ட்ராஸ்டை முறுக்கினால் கிடைப்பது பழைய ஒளிப்பதிவு இல்லை, பழைய பழுது. பழைய படங்களை மீட்டெடுத்து டிஸ்க்கில் வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனத்தின் பதிப்பைப் பாருங்கள். நிலவறைக் காட்சிகளில் சுவரின் சொரசொரப்புகூடத் தெரியும். கேட் பீப்பிளுக்கும் கார்னிவல் ஆஃப் சோல்ஸுக்கும் அவர்களிடமே நல்ல பதிப்புகள் உண்டு. பார்க்கும் டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை (இடையே செயற்கைப் பிரேம்களைச் சேர்த்து அசைவை வழுக்கலாக்கும் வசதி) அணைத்துவிடுங்கள்.

அசைவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ட்வைலைட் ஸோனிலேயே சான்று இருக்கிறது. செலவைக் குறைக்கச் சொல்லி இரண்டாவது சீசனில் ஆறு எபிசோடுகளைப் பிலிமுக்குப் பதில் வீடியோ டேப்பில் எடுத்தார்கள். எபிசோடுக்கு ஏறத்தாழ 5,000 டாலர் மிச்சமானது. ஆனால் வெளிப்புறப் படப்பிடிப்பு போயிற்று, வெட்டி ஒட்டுவது கடினமாயிற்று, வீடியோவின் வழுக்கலான அசைவு நாடக மேடையை நேரில் பார்க்கிற உணர்வைத் தந்தது. திரும்பப் பிலிமுக்கே போய்விட்டார்கள். டேப்பில் எடுத்த ட்வென்டி டூவையும், முதல் சீசனில் பிலிமில் எடுத்த தி ஆஃப்டர் ஹவர்ஸையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஆகவே 24 அல்லது 25 பிரேம், அதற்கு மேல் வேண்டாம்.

செலவு விஷயம். லூட்டனுக்கு ஸ்டுடியோ போட்ட எல்லைகள்: படத்துக்கு 1,50,000 டாலர், 75 நிமிடத்துக்குள், தலைப்பை ஸ்டுடியோ தரும். மற்றதில் அவர் கை சுதந்திரமாக இருந்தது. செட்டைப் புதிதாகப் போடாமல் நின்றதை எடுத்துக்கொண்டார். கேட் பீப்பிளில் வரும் மாடிப்படி தி மக்னிஃபிசன்ட் ஆம்பர்ஸன்ஸ் படத்துக்காகக் கட்டியது. கார்னிவல் ஆஃப் சோல்ஸ் எடுத்த ஹெர்க் ஹார்வி கான்சாஸில் தொழிற்சாலை, கல்விப் படங்கள் எடுத்துவந்தவர். சால்ட் லேக் நகரத்துக்கு அருகே கைவிடப்பட்டுக் கிடந்த சால்ட்டேர் கேளிக்கை மண்டபத்தைக் கதையின் நடுவே வைத்தார். மொத்தச் செலவு சுமார் 33,000 டாலர். வெள்ளை முகப் பேயாக நடித்ததும் அவரே. இருவருமே கதையை எழுதி முடித்துவிட்டு இடம் தேடி அலையவில்லை. உங்கள் பழைய வீட்டில் வித்தியாசமாக என்ன இருக்கிறது? முற்றமா, மரப்படியா, பரணா? கதை அதிலிருந்து வளரட்டும்.


மாலைக்காட்சி எழுதியது:

மிக்க நன்றி. மரப்படியும் பரணும் இருக்கின்றன. இரண்டு விஷயம் மட்டும் பாக்கி: பேயைக் காட்டுவது பற்றி யாரும் சொல்லவில்லை. பரணில் புகை மாதிரி வேண்டும், புகை மெஷினுக்கு வசதியில்லை.


கட்டர்ஸ்டாண்ட் எழுதியது:

என் கருத்து, காட்டவே வேண்டாம். நைட் ஆஃப் த டீமன் (1957) ஒரு நல்ல பாடம். கேட் பீப்பிளை இயக்கிய அதே ஜாக் டூர்னர்தான் இயக்குநர். பிசாசை முழுதாகக் காட்டியது தயாரிப்பாளரின் விருப்பம். அந்தச் சில ஷாட்டுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் படம் இன்னும் இறுக்கமாக இருக்கும்.


பழையரீல் எழுதியது:

அதில் எனக்கு உடன்பாடில்லை. நைட் ஆஃப் த லிவிங் டெட்டை இயக்கிய ரொமெரோவின் பிணங்கள் படம் முழுக்கக் கண்ணெதிரே நிற்கின்றன, பயம் குறையவில்லை. காட்டுவதா வேண்டாமா என்பதைவிட எப்போது, எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. ட்வைலைட் ஸோனின் ஐ ஆஃப் த பிஹோல்டர் (1960) எபிசோடை ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பாருங்கள். மருத்துவர், செவிலியர் யாருடைய முகமும் கடைசி வரை தெரியாது. முதுகு, கை, நிழல், திரைச்சீலை, ஜன்னலை நோக்கித் திரும்பிய தலை என்று ஒவ்வொரு முறையும் மறைப்புக்கு இயல்பான ஒரு காரணம் இருக்கும். ஒரே வகை மறைப்பு இரண்டு முறைக்கு மேல் வந்தால் இயக்குநர் ஒளிக்கிறார் என்று தெரிந்துவிடும். இயக்குநர் டக்ளஸ் ஹேய்ஸும் ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் கிளெமென்ஸும் அதை 25 நிமிடம் தாங்கிப் பிடித்தார்கள். 12 நிமிடப் படத்தில் பத்தாவது நிமிடம் வரை மறைத்து, பிறகு ஒன்றரை விநாடி தெளிவாகக் காட்டினால் போதும். மேக்கப் அந்த ஒன்றரை விநாடியைத் தாங்காது என்றால் மட்டும் கட்டர்ஸ்டாண்ட் சொன்னபடி விட்டுவிடுங்கள்.


கட்டர்ஸ்டாண்ட் எழுதியது:

பரண் படியிலேயே அதைச் செய்யலாம்: விளக்கு படிக்கு மேலே, உருவத்துக்குப் பின்னால். முகம் கறுப்பாகவே இருக்கும். கீழே நிற்பவர் கையில் உள்ள டார்ச் மேலே திரும்பும் கணம் மட்டும் முகம் தெரியும்.

புகைக்குச் சாம்பிராணி போதும். இரண்டு தூபக்காலில் கரி நன்றாகக் கனன்ற பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி சாம்பிராணித் தூள். கதவு, ஜன்னலை மூடி, ஃபேனை அணைத்துவிடுங்கள். புகை முதலில் சுருள் சுருளாக எழும்பும்போது ஷூட் செய்யாதீர்கள், ஷாட்டுக்கு ஷாட் பொருந்தாது. ஒரு அட்டையால் விசிறிப் பரப்பி, ஓரிரு நிமிடம் கழித்து மெல்லிய படலமாக நின்றதும் எடுங்கள். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் கான்ட்ராஸ்ட் செத்துச் சாம்பல் திரும்ப வந்துவிடும். பின்னாலிருந்து அடித்தால்தான் கீற்றுகள் தெரியும். பரண் மரமாக இருப்பதால் தூபக்காலைச் செங்கல் மேல் வையுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். கரியும் புகைவதால் டேக்குகளுக்கு நடுவே எல்லாரும் வெளியே வந்து காற்று வாங்க வேண்டும், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த நாளைத் தவிர்க்கட்டும்.

கடைசியாக எக்ஸ்போர்ட். புகையும் இருட்டும் சேர்ந்த ஷாட்டில், சாம்பல் படிநிலைகள் குறைவாக உள்ள 8-பிட் கோப்பு பட்டை பட்டையாகப் பிரியும். கேமராவில் 10-பிட் இருந்தால் அந்தக் காட்சிகளுக்காவது போடுங்கள். இல்லையென்றால் கிரேடிங் (நிறமும் கான்ட்ராஸ்டும் சரிசெய்வது) முடிந்தபின், பிலிமில் தெரிவது போன்ற மெல்லிய கிரெய்ன் (பொடிமணி) சேர்த்து, யூடியூபில் 4கே அளவுக்கு விரித்து ஏற்றுங்கள். 1080இல் ஏற்றுவதைவிட அதிக பிட்ரேட் கிடைக்கும், கறுப்பும் கட்டம் கட்டமாக உடைவது குறையும்.