தையலுக்குள் ஒரு பிட் நோட்டீஸ்

என் பெரியப்பா 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் கிழக்கு முனையில், இன்றைய வங்கதேசத்தில், இருந்தவர். சண்டையைப் பற்றிக் கேட்டால் வாயே திறக்கமாட்டார். கைதிகளைச் சோதனை போட்ட கதை என்றால் மட்டும் நிறுத்தமாட்டார். சரணடைந்த ஒரு பாகிஸ்தான் ஹவில்தாரின் சட்டைத் தையல் ஓரிடத்தில் புடைத்திருந்ததாம். பிரித்துப் பார்த்தால் நான்காக மடித்த உருது நோட்டீஸ். நம் விமானங்கள் வீசியதுதான். மடிப்பில் வியர்வை ஊறி, பாதி எழுத்து அழிந்திருந்தது.

"இதைப் படிச்சுத்தான் வந்தியா?" என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். "ரேஷன் நின்ன அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன் சாப். கையைத் தூக்கிக்கிட்டு வந்தா சுடமாட்டீங்கன்னு எழுத்துல ஏதாவது வேணும்ல?" என்றாராம் அவர்.

பிட் நோட்டீஸ் யாருடைய மனதையும் மாற்றுவதில்லை என்பது அதிலிருந்து என் கட்சி. பசியும் குண்டுவீச்சும் ஏற்கெனவே மாற்றிவிட்ட மனதுக்கு அது ஒரு வழி காட்டுகிறது, அவ்வளவுதான். தையலுக்குள் ஒளித்ததற்கும் காரணம் உண்டு. எதிரியின் நோட்டீஸ் பையில் இருப்பது சொந்த அதிகாரி கண்ணில் பட்டால் அது வேறு கதை.

அந்தச் சிப்பாய்களுக்கு நம் ராணுவத்தைவிட வங்கதேச விடுதலைப் போராளிகளான முக்தி வாஹினியிடம் சிக்கிவிடுவோமோ என்ற பயம்தான் பெரிது. அதனால்தான் நம் ராணுவத் தலைமைத் தளபதி மானெக்‌ஷா தன் செய்திகளில் போர்க் கைதிகளுக்கான ஜெனீவா ஒப்பந்தப்படி நடத்துவோம், பாதுகாப்பு தருவோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டிசம்பர் 16 அன்று பாகிஸ்தானின் கிழக்குப் படைத் தளபதி நியாஸி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகும், தற்காப்புக்காக டாக்காவில் பாகிஸ்தான் வீரர்களிடம் சில நாட்கள் ஆயுதங்களை விட்டுவைத்தார்கள். சரணடைந்தவன் கையில் துப்பாக்கி! பெரியப்பாவுக்கு அது கடைசிவரை ஜீரணமாகவில்லை. எனக்கென்னவோ, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அதைவிட நேரான வழி தெரியவில்லை.

அப்புறம், பழைய காகிதங்கள் சேகரிக்கும் நண்பர் ஒருவர் இரண்டாம் உலகப் போரின் 'பாசியர்ஷைன்' ஒன்றைக் காட்டினார். ஜெர்மன் வீரர்களுக்காக நேச நாடுகள் வீசிய பாதுகாப்புச் சீட்டு. கையில் வாங்கினால் பங்குப் பத்திரம் மாதிரி இருக்கிறது: பூவேலை விளிம்பு, அமெரிக்க, பிரிட்டிஷ் முத்திரைகள், நேச நாட்டுப் படைத் தளபதி ஐசன்ஹோவரின் கையெழுத்து. கெஞ்சலும் இல்லை, வசவும் இல்லை. இவரை நிராயுதபாணியாக்கு, நன்றாக நடத்து, உணவும் தேவையானால் மருத்துவமும் கொடு, ஆபத்தான இடத்திலிருந்து சீக்கிரம் அப்புறப்படுத்து என்று தங்கள் ஆட்களுக்கே இடுகிற உத்தரவு அது. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அச்சடித்ததால், காவலில் நிற்கும் அமெரிக்கச் சிப்பாயும் படிக்கலாம், சரணடைபவனும் படிக்கலாம். முத்திரை போட்ட காகிதத்தை மதித்தே பழகிய ராணுவத்துக்கு ஏற்ற தந்திரம்.

1991 வளைகுடாப் போரில் ஈராக் படைகள் மீது சுமார் 2.9 கோடி துண்டறிக்கைகள் விழுந்தன. அதில் ஒரு வகை எனக்கு இன்னும் ஆச்சரியம். நாளை உங்கள் படைப்பிரிவு மீது அமெரிக்காவின் பி-52 விமானம் குண்டு வீசும், ஓடிவிடுங்கள் என்று பெயர் சொல்லியே எச்சரித்தார்கள். சொன்னபடி வீசினார்கள். பிறகு, சொன்னதைச் செய்தோம் பார்த்தீர்களா என்று அடுத்த நோட்டீஸ். இப்படி ஒருமுறை நடந்தபின், சரணடைந்தால் சோறு உண்டு என்று அதே ஆள் சொன்னால் ஈராக் சிப்பாய் நம்பத்தானே செய்வான்?

பணம் காட்டி இழுத்த கதையும் உண்டு. கொரியப் போரில், சோவியத் தயாரிப்பான மிக்-15 போர் விமானத்தோடு முதலில் வந்து சேரும் விமானிக்கு ஒரு லட்சம் டாலர் என்று 1953-இல் அமெரிக்கா அறிவித்து, நோட்டீஸ்களையும் வீசியது. போர் நிற்கும்வரை ஒருவரும் வரவில்லை. செப்டம்பர் 21 அன்று வட கொரிய விமானி நோ கும்-சோக் தென் கொரியாவின் கிம்போ விமானத் தளத்தில் வந்து இறங்கினார். அப்படி ஒரு பரிசு இருப்பதே அவருக்குத் தெரியாதாம். ஆனாலும் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள்.