செல்கள் சுணங்கிவிட்டன, அவை வளரும் திரவமான மீடியா மட்டும் பளிங்கு மாதிரி இருக்கிறது. என்ன காரணம்?

புதுக்குடுவை:
மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. மனிதச் சிறுநீரகத்திலிருந்து வந்த ஹெக் 293 செல்களை வளர்த்துத் தருவதுதான் என் வேலை. ஆரம்பத்தில் ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிப்பாகிக்கொண்டிருந்தன. இப்போது இரண்டு நாள் போனாலும் ஃபிளாஸ்க் பாதிகூட நிறைவதில்லை. கலங்கல் இல்லை, பூஞ்சை இல்லை, நுண்ணோக்கியில் நெளிவதும் எதுவும் இல்லை. 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, இரண்டையும் தனிக் கருவி வைத்துப் பார்த்துவிட்டேன். சீரமும் மாற்றியாயிற்று. பென்-ஸ்ட்ரெப் (பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின் கலவை) தவறாமல் போடுகிறேன், அதனால் பாக்டீரியாவாக இருக்காது. மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை. என் கைதான் சரியில்லையா?

ட்ரிப்சின்தாசன்:
எத்தனையாவது பாசேஜ், அதாவது எத்தனை முறை பிரித்துப் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றினீர்கள்? ரொம்பத் தாண்டியிருந்தால் கொட்டிவிட்டு, உறையவைத்த செல் உள்ள புது வையல் எடுங்கள். செல்களை ஃபிளாஸ்க்கிலிருந்து பெயர்த்தெடுக்கும் ட்ரிப்சினில் அதிக நேரம் விட்டாலும் இப்படித்தான் சுணங்கும்.

புதுக்குடுவை:
18தான் அண்ணா. ட்ரிப்சினுக்கு டைமர் வைத்திருக்கிறேன்.

கல்ச்சர்ரூம்_காவல்காரி:
"பென்-ஸ்ட்ரெப் போடுகிறேன், அதனால் பாக்டீரியாவாக இருக்காது" என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. மைக்கோபிளாஸ்மாவும் பாக்டீரியாதான், ஆனால் அதற்குச் செல்சுவர் கிடையாது. பென்சிலின் அடிப்பதே சுவர் கட்டும் வேலையைத்தான். சுவரே இல்லாதவனை அது என்ன செய்யும்? ஸ்ட்ரெப்டோமைசினையும் பல இனங்கள் தாங்கிக்கொள்கின்றன.

அளவும் ரொம்பச் சின்னது, உடம்பும் வளைந்து கொடுக்கும். 0.22 மைக்ரான் ஃபில்டரிலேயே நழுவிப் போய்விடும். ஒரு மில்லியில் கோடிக்கணக்கில் இருந்தாலும் மீடியா கலங்காது. செல்லோடு ஒட்டிக்கொண்டு அர்ஜினின் மாதிரியான சத்தைத் தின்றுவிடும். செல் சாகாது, சோர்ந்து கிடக்கும். அதைவிட மோசம், எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்பதே மாறிப்போகும். நாம் மருந்தின் விளைவு என்று நினைத்து அளப்பது இந்த ஒட்டுண்ணியின் விளைவாக இருக்கும். எனக்கு அப்படி மூன்று மாத டேட்டா குப்பைக்குப் போனது. அதற்கப்புறம்தான் இந்தக் காவல் வேலை.

முதலில் அந்த ஃபிளாஸ்க்கைத் தனி இன்குபேட்டருக்கு மாற்றுங்கள். ஹூட்டில் (கிருமி புகாமல் வேலை செய்யும் கூண்டு) மற்ற செல்களை எல்லாம் முடித்த பிறகு கடைசியாக இதைத் திறங்கள். ஆன்டிபயாடிக் இல்லாமல் இரண்டு வாரம் வளர்த்து, மேலே நிற்கும் மீடியாவை எடுத்து, மைக்கோபிளாஸ்மாவின் டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் போடுங்கள். டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் ஹெக்ஸ்ட் சாயமும் போட்டுப் பார்க்கலாம். நல்ல செல்லில் நியூக்ளியஸ் மட்டும் ஒளிரும். இது இருந்தால் வெளியேயும் ரவை சிந்தின மாதிரி புள்ளிகள் தெரியும்.

இன்னொன்று: வேறு யாரிடமிருந்தாவது செல் வாங்கினீர்களா? ஹூட்டுக்குள் தலையை விட்டுப் பேசுகிறவர்கள் இருக்கிறார்களா? அடிக்கடி அகப்படும் மைக்கோபிளாஸ்மா ஓரேல் என்ற இனம் மனித வாயில் வாழ்வது.

புதுக்குடுவை:
அக்கா, உங்கள் பதிலைப் படித்ததுமே வயிறு கலங்கிவிட்டது. இரண்டு மாதம் முன்பு பக்கத்து ஆய்வகத்தில் ஒரு வையல் வாங்கினேன். சோதிக்காமல் நேராக என் இன்குபேட்டரிலேயே வைத்தேன்.

ட்ரிப்சின்தாசன்:
அப்போது நான் சொன்ன "புது வையல்" யோசனை வேண்டாம். அதே கூட்டத்தில் உறையவைத்ததாக இருந்தால் அதிலும் இருக்கும். திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியிலும் இது பிழைத்துக்கிடக்கும்.

கல்ச்சர்ரூம்_காவல்காரி:
ஆமாம், அந்தச் செல்லை வாங்குவதற்கு முன் நீங்கள் உறையவைத்த வையலைத் தேடுங்கள், அதையும் சோதித்த பிறகே பெருக்குங்கள். வாங்கின செல்லுக்கு எஸ்டிஆர் பரிசோதனையும் (செல் யாருடையது என்று காட்டும் டிஎன்ஏ அடையாளம்) கேளுங்கள். 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸின் கட்டியிலிருந்து வந்த ஹீலா செல்கள் எத்தனையோ ஆய்வகங்களில் வேறு செல்களின் பெயரில் வளர்ந்துகொண்டிருந்தன. 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் ஒரு நொதியை வைத்து அதைப் பிடித்தார். லேபிளை மட்டும் நம்பாதீர்கள்.

மேடத்திடம் இன்றைக்கே சொல்லுங்கள். அந்த இன்குபேட்டரில் மற்றவர்களின் ஃபிளாஸ்க்கும் இருக்கிறதல்லவா?

புதுக்குடுவை:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பிசிஆரில் மைக்கோபிளாஸ்மாவைக் காட்டும் பட்டை பளிச்சென்று வந்தது. மேடம் திட்டவில்லை, "வையலில் தேதி எழுதியிருந்ததா?" என்று மட்டும் கேட்டார். இல்லை. என் ஃபிளாஸ்க் எல்லாம் ஆட்டோகிளேவுக்குப் போயிற்று. பக்கத்து ஆய்வகத்துக்கும் சொல்லிவிட்டோம், அவர்களுடையதிலும் பட்டை வந்திருக்கிறது. பழைய வையல் ஒன்று சுத்தமாக இருந்தது, நேற்று உருக்கினேன். இன்று காலை செல்கள் ஃபிளாஸ்க்கின் அடியில் நன்றாக ஒட்டியிருக்கின்றன.