சிந்திக்க வைக்கும் படத்துக்கு விமர்சனம்: உபதேசம் ஆகாமல் எழுதுவது எப்படி?

கோத்தகிரி_வாசிப்பறை:
வணக்கம். எங்கள் ஊரில் மாதம் ஒரு படம் திரையிட்டுப் பேசுகிறோம். வருபவர்கள் பெரும்பாலும் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்கள், சிறு தேயிலை விவசாயக் குடும்பத்தினர். பிறகு ஒரு மாணவர் 400 சொல்லில் விமர்சனம் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். எந்தப் படமானாலும் முக்கால் பக்கம் கதை, கடைசி வரி மட்டும் "விடாமுயற்சி வெற்றி தரும்" அல்லது "பெற்றோரை மதிக்க வேண்டும்". அடுத்த படம் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. எதைக் கவனிக்கச் சொல்வது, எப்படிக் குறிப்பெடுப்பது, எந்த அளவில் எழுதுவது? விவரமாகச் சொல்லுங்கள்.

தாண்டிக்குடி_காப்பி:
வசனத்தில் பாடம் தேடுவதால்தான் இப்படி ஆகிறது. ஏதோ ஒரு பாத்திரம் சொன்ன நல்ல வார்த்தையை எடுத்துக் கடைசியில் ஒட்டிவிடுகிறார்கள். நல்ல படத்தில் அது இருக்கும் இடம் வேறு. ஒருவர் ஒரு முடிவெடுக்கிறார். அதற்கான விலையை அவரோ, அவருக்குப் பதில் இன்னொருவரோ கொடுக்கிறார். அந்த இடத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

முதல் முறை பார்க்கும்போது கையில் நோட்டு வேண்டாம். இரண்டாம் முறை, பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் நேரம். நடுவில் கண்டதும் கேட்டதும் மட்டும். வலப்பக்கம் "யாருக்கு என்ன போயிற்று". நடுவில் "சோகமாக இருக்கிறான்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். "தட்டைத் தள்ளி வைக்கிறான்" என்பதுதான் குறிப்பு. இரண்டு மணி நேரப் படத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு குறிப்பு போதும். முப்பது சேர்ந்துவிட்டால் அவர் கதையைத்தான் நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சொன்ன படத்தையே பார்ப்போம் (2018, இயக்கம் லெனின் பாரதி). பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள், முடிவைச் சொல்லப்போகிறேன். ரங்கசாமி மலையில் ஏலக்காய் மூட்டை சுமப்பவர். ஆசை ஒரு துண்டு நிலம். அவர் உழைப்பில் குறை சொல்ல இடமே இல்லை. ஆனாலும் சேர்த்த காசுக்கு வாங்கிய ஏலக்காய் சரிவில் சிதறுகிறது. பிறகு நிலம் கைக்கு வந்தும் விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனில் நழுவிப் போகிறது. கடைசியில் தன் நிலமாக இருந்த இடத்தில் நிற்கும் காற்றாலைக்கே காவலாளி. இதற்கு "உழைத்தால் உயரலாம்" என்று எழுதினால் படம் காட்டியதற்கு நேர் எதிராக எழுதியதாகும். வலப்பக்கக் குறிப்புகளை வரிசையாகப் படித்தால் வேறொன்று தெரியும்: அவர் எடுத்த ஒவ்வொரு அடியும் அந்த நேரத்தில் நியாயமானது, எல்லாம் சேர்ந்துதான் நிலத்தைக் கொண்டுபோயின. உழைப்புக்கும் உரிமைக்கும் இடையில் கடன் எங்கே நுழைகிறது என்பதே எழுத வேண்டிய விஷயம். பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கும் மாதத்தில் உரத்துக்கும் கூலிக்கும் என்ன செய்வது என்ற கணக்கு உங்கள் ஊராருக்குத் தெரிந்ததே. பேச்சை அங்கே திருப்பலாம். விமர்சனத்தில் மட்டும் அது இரண்டு வரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் படம் காணாமல் போய் ஊர்ப் பிரச்சினைக் கட்டுரையாகிவிடும்.

அளவு: கதைக்கு 80 சொல். ஒரே ஒரு காட்சியை நெருங்கி விவரிக்க 150. பாத்திரம் எடுத்த முடிவும் அதன் விலையும் 100. மீதி 70 சொல்லில் எழுதுபவர் படத்தோடு ஒத்துப்போகாத இடம். இந்தக் கடைசிப் பகுதியை விட்டால் எல்லா விமர்சனமும் வாழ்த்து மடல்தான்.

கேத்தி_பாலாடா:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: யார் கண்ணில் பார்க்கிறோம் என்பது. நீலகிரியில் படம் பேசினாலே 'மூன்றாம் பிறை' (1982) வந்துவிடும். கடைசிக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்தது என்பதால் பாதிப் பேச்சு இடத்தை அடையாளம் காட்டுவதிலேயே கழியும். மீதிப் பாதி, "அவள் நன்றி மறந்தவள், அவன் தியாகி" என்று முடியும்.

அந்தத் தீர்ப்பு படத்தின் உண்மைக்கே பொருந்தாது. விபத்தில் நினைவிழந்து குழந்தைபோல் ஆன விஜியைச் சீனுதான் பார்த்துக்கொள்கிறான். அவளுக்குப் பழைய நினைவு திரும்பும்போது, சீனுவோடு இருந்த நாட்கள் அவள் நினைவில் இல்லை. தன்னை ஞாபகப்படுத்த நடைமேடையில் குரங்குச் சேட்டை செய்யும் சீனு, அவளுக்கு முன்பின் தெரியாத ஆள். மறப்பது வேறு, நன்றி மறப்பது வேறு. மாணவர்களை அந்தக் காட்சியை ரயில் பெட்டிக்குள் இருந்து ஐந்து வரி, நடைமேடையில் இருந்து ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு இன்னொரு கேள்வி: குழந்தை மனநிலையில் இருந்தவளின் அன்பை அவன் தன் எதிர்காலமாக எண்ணிக்கொண்டது சரியா? இது கசப்பான கேள்விதான், ஆனால் பதினாறு பதினேழு வயதில் பேச வேண்டியது. படம் கண்ணீர் வரவைக்கிறது என்பதற்காகக் கேட்காமல் விடக் கூடாது.

பண்ணைக்காடு_வாத்தியார்:
இரண்டு முறை பார்க்கச் சொல்வது பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்காது. முழுப் படம் ஒரு முறை, பிறகு நீங்கள் தேர்ந்தெடுத்த பத்து நிமிடத்தை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். அதில் ஐந்து நிமிடம் ஒலி இல்லாமல். ஒலியை நிறுத்தினால் இசை சொல்லிக்கொடுத்த உணர்ச்சி போய்விடும், கேமரா எதைக் காட்டியது என்பது மட்டும் நிற்கும்.

இதற்குத் தோதான படம் ஈரானின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997, மஜீத் மஜீதி). தங்கையின் காலணியைத் தொலைத்த அலி ஓட்டப்பந்தயத்தில் சேர்வது மூன்றாம் பரிசுக்காக, அதுதான் காலணி. வந்ததோ முதலிடம். எல்லாரும் தூக்கிக் கொண்டாடும்போது அவன் அழுகிறான். "வெற்றி தரும்" என்று முடிக்கும் பழக்கம் இந்த ஒரு காட்சியில் உடையும். இன்னொன்று, பெரும்பாலோர் தவறவிடுவது: அப்பாவின் சைக்கிளில் புதுக் காலணிகள் தெரியும் ஷாட். அலிக்கும் தங்கை ஸஹ்ராவுக்கும் அது தெரியாது, நமக்குத் தெரியும். அதைக் கவனிக்காதவர் "சோகமான முடிவு" என்று எழுதுவார்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை வையுங்கள். கடைசிப் பத்தியை வெட்டி வேறு படத்தின் பெயருக்குக் கீழே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அங்கேயும் பொருந்தினால் அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும்.

கோத்தகிரி_வாசிப்பறை:
மிக்க நன்றி. பக்கத்தை மூன்றாகப் பிரித்த குறிப்பும் வெட்டி ஒட்டும் சோதனையும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். அதற்கடுத்து 'கடைசி விவசாயி' போடலாமா? எல்லாரும் "விவசாயத்தைக் காப்போம்" என்று எழுதிவிடுவார்களோ என்று தயக்கம். திரையிடலுக்கு முன்னால் ஒட்டும் குறிப்பில் கதை எவ்வளவு சொல்லலாம்?

தாண்டிக்குடி_காப்பி:
தாராளமாகப் போடுங்கள் (2022, மணிகண்டன்). "விவசாயத்தைக் காப்போம்" என்ற வரியை முதலிலேயே தடை செய்துவிடுங்கள், வேறு வழி தேடுவார்கள். நீதிமன்றக் காட்சியைக் கொடுங்கள். மயில்களைக் கொன்றதாக மாயாண்டி மேல் வழக்கு. அவர் காவலில் இருந்தால் பயிர் காய்ந்துவிடும் என்பதால், அதற்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலையை நீதிபதி போலீஸ்காரரிடம் ஒப்படைக்கிறார். சட்டம் தன் வரம்புக்குள் நின்றுகொண்டே மனிதருக்கு எவ்வளவு இடம் கொடுக்க முடியும் என்பதை அங்கே அளக்கலாம். யார் கேள்வி கேட்டார், யார் கேட்காமல் கையெழுத்துப் போட்டார் என்று பிரித்து எழுதினாலே பாதி விமர்சனம் வந்துவிடும்.

முன்குறிப்பில் படத்தின் முதல் கால் பகுதிக்கு மேல் சொல்லாதீர்கள். யார், எங்கே, என்ன வேண்டும் என்று மூன்று வரி, அதோடு பார்க்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ள ஒரு கேள்வி. முடிவைத் தொடும் எதையும் திரையிடலுக்குப் பிந்தைய தாளுக்கு வையுங்கள், அதன் தலைப்பிலேயே "முடிவு உண்டு" என்று குறித்துவிடுங்கள்.

கேத்தி_பாலாடா:
இன்னொரு விஷயம். ஓடிடி கணக்கு வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். பொதுவில் திரையிட உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், கட்டணம் வாங்காவிட்டாலும். இப்போதே கடிதம் அனுப்பிவிடுங்கள். பதில் வந்த பிறகு தேதியை அறிவியுங்கள்.