எதிரி கூட்டம் கூட்டமா வரும், நாம நடந்தா போதும், ஆயுதம் தானா அடிக்கும். இந்த வகை கேமுக்கு நீங்க என்ன பேர் சொல்றீங்க? உங்க அனுபவம் போடுங்க

பூண்டுவளையம்:
வேம்பயர் சர்வைவர்ஸ், 28வது நிமிஷம். ஆயுதத்துல பூண்டு ஃபுல் லெவல், பைபிள் என்னைச் சுத்துது, ஸ்க்ரீன்ல எள் போட இடமில்ல. தண்ணி குடிக்க எழுந்த அப்பா பின்னாடி நின்னுட்டார். "சுடவே மாட்டேங்குற, சும்மா நடந்துட்டே இருக்க. என்ன கேம்டா இது?" புல்லட் ஹெவன்னு சொன்னேன். "புல்லட் எங்க?" பூண்டுல புல்லட்டுக்கு நான் எங்க போறது? வளையத்துக்குள்ள வந்த வௌவாலெல்லாம் பொத்து பொத்துன்னு விழுறதக் கொஞ்ச நேரம் பாத்தார். "கொசு பேட்டுன்னு சொல்லு"ன்னுட்டுப் போய்ப் படுத்துட்டார். 30ல வழக்கம்போல எமன் வந்து தூக்கிட்டான். எனக்கு அது உறைக்கவே இல்ல. கொசு பேட்தான் மண்டைக்குள்ள ஓடிட்டிருந்துச்சு.

பழையஷ்மப்:
புல்லட் ஹெவன்ங்கற பேர்ல ஏமாந்தவன் நான். புல்லட் ஹெல் (திரை பூரா வர்ற குண்டுல இருந்து தப்பிக்கற கேம்) மாதிரி குண்டுமழைதான், கொஞ்சம் சுலபமா இருக்கும்போலன்னு நெனச்சு ப்ரோட்டாட்டோங்கற கேம் வாங்கினேன். ஆர்கேட் ஸ்டிக்கெல்லாம் மாட்டி, கட்டை விரல் ஃபயர் பட்டன்மேல. அமுக்கறேன், அமுக்கறேன்... ஹீரோ உருளைக்கிழங்கு தானா சுட்டுக்கிட்டிருக்கு. 20 செகண்ட்ல முதல் அலை முடிஞ்சும் போச்சு. விரல் அப்படியே பட்டன்மேலதான் இருக்கு. இன்னொண்ணு, புல்லட் ஹெவன்ங்கற பேர்லயே, ப்ரௌசர்ல ஃப்ளாஷ் கேம் ஆடின காலத்துல ஒரு கேம் இருந்துச்சு. அதுல நெஜமாவே குண்டுல இருந்து தப்பிக்கணும். ஏற்கெனவே ஆள் இருக்கற வீட்டுக்கு எதுக்குப் புதுசா பெயர்ப்பலகை?

மாடிப்படி:
பூண்டுவளையம், 28வது நிமிஷத்துல வெறும் பூண்டா? என் கதை சின்னது: ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட ஆட்டோ ஷூட்டர்னு சொன்னேன், ஆட்டோ ஓட்டற கேமான்னு கேட்டார். அது கெடக்கட்டும். பூண்டு 8வது லெவல் வந்ததும் கையில பும்மரோலாங்கற துணைப்பொருள் இருக்கணும், 10 நிமிஷத்துக்கு அப்புறம் பெரிய எதிரி போடற பெட்டியத் திறக்கணும். அப்பதான் அது சோல் ஈட்டர்ங்கற பெரிய ஆயுதமா மாறும். பரப்பு கூட்ட கேண்டலாப்ரடார், அடி கூட்ட கீரை. பைபிள் வெச்சிருக்கீங்கன்னா ஸ்பெல்பைண்டர் எடுங்க, இடைவெளியே இல்லாம சுத்தும். ஆறு இடத்தையும் ஆரம்பத்துலயே கண்டதப் போட்டு நிரப்பாதீங்க.

அரைகுறைடெவ்:
நான் சின்னதா ஒரு கேம் பண்ணிட்டிருக்கேன். அறிமுகத்துல சர்வைவர்ஸ்-லைக்னு போட்டேன். ஆடிப்பாத்த பக்கத்து வீட்டுப் பையன், அஞ்சாவது படிக்கறான், ஒரு மரத்துக்கிட்ட போய் நின்னு முட்டிக்கிட்டே இருந்தான். என்னடா பண்றன்னு கேட்டா, "மரம் வெட்ட எந்த பட்டன், அண்ணா? சர்வைவல்னு போட்ருக்கே, மரம் வெட்டிப் பொழைக்கற கேம்தானே!"

ஷ்மப் அண்ணே, எல்லாப் பேரும் கோணல்தான். 1993ல டூம் வந்தப்புறம், நம்ம கண் பார்வையிலயே சுடற கேம்களை டூம் க்ளோன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க, அது உதிர்ந்துபோச்சு. 1980ல வந்த ரோக்ங்கற கேமோட பேரு இன்னமும் ரோக்லைக்ங்கற வகைப் பேர்ல ஒட்டிக்கிட்டிருக்கு. இத்தனைக்கும் வேம்பயர் சர்வைவர்ஸ் 2021லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடியே ஃபோன்ல மேஜிக் சர்வைவல் இருந்துச்சு. முதல்ல வந்தவன் பேரத்தான் வைக்கணும்னா அதத்தான் வைக்கணும். வேம்பயர் சர்வைவர்ஸ் பாஃப்டா விருதே வாங்கின கேம், அதுலயே வேம்பயரத் தேடித்தான் பாக்கணும்!

பூண்டுவளையம்:
மாடிப்படி, நான் கேட்டது பேரு. பில்டு (எதை எதோட சேக்கறதுன்னு) இல்ல.

(பும்மரோலா எடுத்தேன். நன்றி.)