டிரெயில் கேமராவுக்கு "தடநோக்கி" சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

பனிக்காலத்துல காட்டு விலங்குகளைக் கவனிக்கிறது பத்தி ஒரு சின்னக் கையேடு எழுதிக்கிட்டு இருக்கேன், முதல் பக்கத்துலயே ஒரு சொல்லுல நின்னுடுச்சு. முன்னாடி இங்க கேட்டப்ப நீங்க சொன்னதை மேற்கோளாப் போட்டு, கீழேயே பதில் சொல்றேன். மரத்துல கட்டி வெச்சுட்டு வந்துட்டா எது நடந்து போனாலும் தானே படம் எடுத்து வெச்சுக்குமே, அந்த டிரெயில் கேமராவுக்குத்தான். "தானியங்கி கேமரா"ங்கறது பத்திரிகையில வருது, ஆனா போன்ல இருக்கற கேமராகூட இன்னைக்கு பாதி தானியங்கிதானே, அது எதையும் பிரிச்சுக் காட்டல.

> கேமராப் பொறின்னு ஏற்கனவே இருக்கே, புதுசா எதுக்கு?

இருக்குங்க, பேருக்குக் காரணமும் உண்டு. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜார்ஜ் ஷைராஸ் 1890கள்ல குறுக்கே கம்பி கட்டி, மான் கால் பட்டதும் ஃபிளாஷ் வெடிக்கிற மாதிரி வெச்சு ராத்திரியில படம் எடுத்தார், அது கண்ணி வெக்கிற மாதிரியேதான் இருந்துச்சு. இப்ப கம்பியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பொறின்னதும் எலிப்பொறிதான் மனசுல வருது, நரி வந்து லென்ஸை மோந்து பார்த்துட்டு தன் பாட்டுக்குப் போகுது, அதுல சிக்கறதுக்கு என்ன இருக்கு?

> ஐம்பொறியும் பொறிதானே ஐயா. "பொறிவாயில் ஐந்தவித்தான்"னு குறள்ல வர்ற அதே பொறி. கேமராவுக்கும் புலன் இருக்கு.

இது ரொம்பப் பிடிச்சுது, ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். ஆனா படிக்கிறவருக்கு இதை விளக்கி எழுதினாத்தான் விளங்கும், விளக்கம் கேட்கற சொல்லு கையேட்டுக்கு ஆகாது.

நான் நினைக்கிறது "தடநோக்கி". தடம்னா பாதையும்தான், காலடியும்தான். பனி விழுந்த மறுநாள் காலையில போய்ப் பாருங்க, மத்த நாள்ல கண்ணுக்கே தெரியாத பாதையெல்லாம் வெள்ளையில வரிவரியா எழுதி வெச்ச மாதிரி இருக்கும், எந்தப் பக்கம் வந்துச்சு எங்க திரும்புச்சுன்னு எல்லாமே. அதைப் பார்த்துட்டுத்தான் எந்த மரத்துல கட்டறதுன்னே முடிவு பண்றோம்.

> நுண்ணோக்கி, தொலைநோக்கின்னா கண்ணு வெச்சுப் பார்க்க ஆள் வேணும். இங்க ஆளே இல்லையே?

நியாயம்தான், ஆனா தடத்தை நோக்கி நிக்கறதும் நோக்கிதானே? பாதை போற திசைக்கு நேரா இல்லாம கொஞ்சம் சாய்ச்சு நிறுத்தணும், ஏன்னா வெப்ப உணரிக்கு எதிர்ல நேரா வர்ற விலங்கைவிட குறுக்கே கடக்கறது சீக்கிரம் பிடிபடும்.

இன்னொரு சொல்லும் வேணும், டிரிகர். "தூண்டல்"னு போடலாம், எனக்கு "உசுப்பல்"தான் பொருத்தமாப் படுது. அந்தக் கேமரா தூங்கிட்டேதான் இருக்கு, சுத்தி இருக்கற குளிர்ச்சியில ஒரு சூடு நகர்ந்தா அதுதான் தட்டி எழுப்புது. விலங்கு வராமலே எழுந்தா "வெற்று உசுப்பல்". போன பனிக்காலத்துல கார்டை எடுத்துப் போட்டுப் பார்த்தா படம் படமா ஒரே கிளை, வெயில் பட்டு சூடான கிளை காத்துல ஆடியிருக்கு, அவ்வளவுதான், நடுவுல ஒரே ஒரு படத்துல மானோட காது மட்டும்.

சொல்லை வாக்கியத்துல போட்டாத்தான் குணம் தெரியும், கையேட்டுல இருந்து ஒரு பத்தி:

"தடநோக்கியை முழங்கால் உயரத்தில் கட்டினால் பனி ஏற ஏற மூடிவிடும், கூட்டியே கட்டுங்கள். அல்கலைன் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், லித்தியம் போடுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்ததைச் சூடான அறையில் உடனே திறக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்."

எனக்கு எங்கயும் இடறல.

> உசுப்பல் நல்லா இருக்கு, பேச்சு வழக்குன்னு யாராவது தள்ளினா விடாதீங்க. தடநோக்கிக்கும் என் ஓட்டு. 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு வெச்சதை என்னன்னு எழுதறீங்க?

இருட்டுல படம் எடுக்கத்தான் அந்த விளக்கு. 850 நானோமீட்டர்ல லேசா செவப்பு தெரியும், 940ல கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆனா ராத்திரியில வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது. "ஒளிரா விளக்கு"ன்னு எழுதிப் பார்த்தேன், பழுதான விளக்கு மாதிரி இருக்கு. "மறையொளி"ன்னு வெச்சா எப்படி, சொல்லுங்க.