மறு: ‘போலித்துகள் இழப்பு’ சரிதானா?

> “போலித்துகள் இழப்பு” என்றே வைத்துக்கொள்ளலாமே, பழகிவிட்டது.

பழகியதுதான் சிக்கல். நாம் தமிழ்ச்சொல் தேடுவது quasiparticle loss என்பதற்கு: மீக்கடத்தியில் (மின்தடையின்றி மின்சாரம் கடத்தும் பொருளில்) செய்த கியூபிட், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு, துகள்போல நடந்துகொள்ளும் கிளர்வுகளால் ஆற்றலை இழப்பது. ‘இரத்த இழப்பு’, ‘எடை இழப்பு’ என்றால் போவது இரத்தமும் எடையும். அதே வழக்கில் இதைப் படிப்பவர் துகள்தான் தொலைகிறது என்று எண்ணுவார். துகள் தொலைந்தால் நமக்குக் கொண்டாட்டம்! தொலைவது கியூபிட்டின் ஆற்றல்.

மீக்கடத்தும் அலுமினியத்தில் ஒரு கூப்பர் இணையை (சேர்ந்தே திரியும் இரண்டு எலக்ட்ரான்களை) உடைக்கச் சுமார் 360 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். அதிர்வெண்ணாகச் சொன்னால் 87 கிகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸ் கியூபிட்டிடம் அவ்வளவு ஆற்றல் கிடையாது. ஆனால் வேறெதனாலோ ஏற்கெனவே இணை உடைந்து திரியும் போலித்துகள் ஒன்று, ஜோசப்சன் சந்தியில் இரு மீக்கடத்தி மின்வாய்களுக்கு நடுவே உள்ள ஒன்றிரண்டு நானோமீட்டர் ஆக்சைடு படலத்தை ஊடுருவும்போது அந்த 5 கிகாஹெர்ட்ஸை விழுங்கிக்கொண்டு மறுகரையில் உயர்ந்த நிலைக்கு ஏறிவிடும். கியூபிட் 1-இலிருந்து 0-க்கு விழும். பத்து லட்சம் இணைகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இவை இருந்தாலே தளர்வு நேரம் (கியூபிட் 1-இல் தங்கும் சராசரி நேரம்) 24 மைக்ரோநொடிக்கு மேல் போகாது. ஒரு கோடிக்கு ஒன்று என்றால் 240.

‘போலி’யும் உறுத்துகிறது. போலி மருத்துவர், போலி ஆவணம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது ‘இல்லாத துகள்’. இல்லாத ஒன்றா இவ்வளவு ஆற்றலைத் தின்னும்?

———

இழப்பு பற்றிச் சொன்னது சரி. ‘வழி’ சேர்த்தால் தீரும். போலியை மட்டும் விட்டுவிடாதீர்கள். இலக்கணத்தில் போலி என்றால் பொய் இல்லை. அறம் என்னும் இடத்தில் அறன் நின்றாலும் பொருள் கெடுவதில்லை, அது கடைப்போலி. ஒன்றின் இடத்தில் நின்று அதன் வேலையைச் செய்வது. நமக்கு வேண்டிய கருத்து அச்சாக இதுதான். எனவே சொல்லைத் திருப்பிப் போடுவோம்: முதற்போலி, இலக்கணப்போலி வரிசையில் துகட்போலி. இழப்பு, ‘துகட்போலிவழி இழப்பு’.

முன்பு யாரோ தந்த ‘இணைமுறி’ கேட்க நன்றாக இருந்தாலும் மீக்கடத்திக்கு மட்டுமே பொருந்தும். சாதாரண உலோகத்து எலக்ட்ரான்களை விளக்கும் லாண்டாவின் ஃபெர்மி திரவத்திலும் quasiparticle வரும், ஆனால் அங்கே உடைய இணையே இல்லை. ‘தனி எலக்ட்ரான்’ அதைவிடத் தவறு. மீக்கடத்தியில் அது எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத இடமும்) கலந்த நிலை.

———

துகட்போலிக்கு என் வாக்கு. ஆனால் ஒரு சொல் நிற்குமா என்பது செய்முறைக் குறிப்பில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். போட்டுப் பார்த்தேன்:

“20 மில்லிகெல்வினில் வெப்பத்தால் துகட்போலிகள் தோன்ற வழியே இல்லை, இருந்தும் அளவீட்டில் தென்படுகின்றன. குளிர்கலனின் வெப்பம் கூடிய மேல் தட்டுகளிலிருந்து கசியும் அகச்சிவப்புக் கதிர், காமாக் கதிர், காஸ்மிக் மியூவான் ஆகியவை காரணம். கம்பிகளில் அகச்சிவப்பு வடிகட்டி போடுக. மாதிரிப் பெட்டியின் மூடி இடுக்குகளில் ஒளி புகாமல் அடைக்க. சந்தியின் இரு மின்வாய்களையும் வெவ்வேறு தடிமனில் படியவிடுக. மெல்லிய அலுமினியத்தில் ஆற்றல் இடைவெளி (துகட்போலிக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) கூடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கியூபிட் ஆற்றலை, அதாவது 5 கிகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 21 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டினால், தாழ்ந்த பக்கத்துத் துகட்போலி கியூபிட்டின் ஆற்றலை விழுங்கினாலும் மேலேற முடியாது.”

தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. இடறியது அடுத்த வரியில்: “இரண்டு துகட்போலிகள் மீண்டும் இணையும்போது வெளிவரும் ஒலியன் இன்னோர் இணையை உடைக்கும், சில்லின் முதுகில் செம்புப் படலம் இட்டால் ஒலியனின் ஆற்றல் அங்கே சிதறிக் குறையும்.” phonon என்னும் அதிர்வுத் துணுக்கைத்தான் ஒலியன் என்றேன், ஆனால் ஒலியன் (phoneme) மொழியியலாருக்குச் சொந்தம். ஃபோனான் என்றே எழுதிவிடலாம், வெட்கமில்லை.

இன்னும் முடிவாகாதது, துகட்போலிகளைப் பிடிக்கச் சில்லில் வைக்கும் சாதாரண (மீக்கடத்தாத) உலோகத் துண்டின் (trap) பெயர். ‘பொறி’ என்றால் இயந்திரம், தீப்பொறி எல்லாம் கூட வரும். ‘கண்ணி’ எனக்குப் பிடித்திருக்கிறது. வைத்துப் பாருங்கள்: “கண்ணியை மின்புலம் வலுவான இடத்தில் வைக்காதே, சாதாரண உலோகம் மைக்ரோஅலையை உறிஞ்சிவிடும், துகட்போலியைப் பிடிக்கப்போய்க் கியூபிட்டையே பிடித்துவிடும்.” மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.