மூக்கு மடிப்பில் தழும்பு: கோவையில் யாரிடம் காட்டலாம்?

வணக்கம். குன்னூரில் இருக்கிறேன். மூக்கைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அரை ஆண்டு ஆகிறது. வடிவத்தில் ஒரு குறையும் இல்லை. துவாரங்களுக்கு நடுவே இருந்த வெட்டும் நன்றாக மங்கிவிட்டது. ஆனால் மூக்கின் அகலத்தைக் குறைத்த இடத்தில், வலது மடிப்பில் மட்டும், ஓர் அரிசி நீளத்துக்குச் சிவந்து தடித்திருக்கிறது. தொட்டால் கெட்டி, பனிக்காற்று பட்டால் அரிப்பு. மூக்குத்தியோ இடப்பக்கம், மறைக்கவும் வழியில்லை.

தழும்பு முதிர ஓராண்டுக்கு மேல் ஆகும், பொறு என்கிறார்கள். பொறுக்கிறேன். சிலிக்கான் ஜெல் இரு வேளையும் தடவுகிறேன். குளிர்ந்தாலும் மலையில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம் என்பதால் சன்ஸ்கிரீனையும் விடுவதில்லை.

தடித்த தழும்புக்கு ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? ஊசி போட்ட இடம் குழிந்ததா, வெளுத்ததா? அதுதான் என் பயம். சிவப்பைக் குறைக்கும் பல்ஸ்டு டை லேசர் கோவையில் எங்கே கிடைக்கிறது? காலையில் மேட்டுப்பாளையம் வழியாக இறங்கி, இருட்டுவதற்குள் மலையேறிவிட முடிந்தால் நல்லது. தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா, முதலில் யாரைப் பார்ப்பது?

யூகலிப்டஸ் தைலம் தடவச் சொல்ல நினைப்பவர்களுக்கு முன்கூட்டியே நன்றி. அதை முகத்தில் தடவுவதாக இல்லை.